இரண்டாவது கியரில் யாரோ

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. நடந்ததைச் சொன்ன சிலிண்டர்காரருக்குக் கதை கட்டத் தெரியாது. வீடு வீடாக ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். சிலிண்டரின் அளவு முள் ஒரு கோடு குறைந்திருந்தால்கூட, "இது கொஞ்சம் கம்மியா இருக்கும்மா, நாளைக்கு மாத்தித் தரேன்" என்று சொல்லித்தான் இறக்குவார். அப்படிப்பட்ட மனிதர் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஒவ்வொன்றையும் மணி, நிமிடத்தோடு சொல்வார். அவர் வண்டியில் ஒரு பழைய கடிகாரம் உண்டு. எஞ்சினை விட்டால் அந்த வண்டியில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் அதுதான்.

வண்டி, இருபத்தேழு வயதான ஃபோர் வீல் டிரைவ். சேறு, சரளை எதிலும் ஏறும். எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த கியர்பாக்ஸ்... அந்தப் பேச்சை எடுத்தாலே சாதுவான மனிதருக்கும் ரத்தம் கொதிக்கும். இரண்டாவது கியரில் போட்டு இறக்கத்தில் விட்டால், பாதி வழியில் கியர் தானாக எகிறி நியூட்ரலுக்கு வந்துவிடும். அந்த மாடல் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த நோய் அது. கியர் பெட்டிக்குள் ஒரு வளையம் நகர்ந்து வந்து கியரின் பற்களைக் கவ்வ வேண்டும். இந்த மாடலில் பற்கள் சீக்கிரமே சரிவாகத் தேய்ந்துபோகும். தேய்ந்தால் வளையம் வழுக்கிவிடும். நோயின் பெயர் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். மருந்து ஒருவருக்கும் தெரியாது.

ஓட்டுகிறவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த கைவைத்தியம் ஒன்று உண்டு. இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டாவது கியரைப் போட்டு, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வாரால் கியர் லிவரை சீட்டின் காலோடு இழுத்துக் கட்டிவிடுவது. கீழே போனதும் அவிழ்ப்பது. சிலிண்டர்காரர் ஆறு வருடமாக இப்படித்தான் கட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

அன்று வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு பத்து. கியர்பாக்ஸ் நான்காவது தடவையாகத் தரையில் கிடந்தது. அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. பட்டறை அவனுடையது. அப்போதுதான் போன் வந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருக்கிற சின்ன ஊரிலிருந்து தையற்காரம்மாவின் மகள் பேசினாள். தையற்காரம்மாவுக்கு நுரையீரல் பழுது. ஆக்சிஜன் இல்லாமல் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

"அண்ணே, காலையில இருந்து கரண்ட் இல்ல. ஆக்சிஜன் மெஷின் ஓடல. ஸ்டாண்ட்பை சிலிண்டர் போட்டிருக்கேன். ஆறு, ஆறேகால் வரைக்கும்தான் வரும்ணே."

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னியாம்மா?"

"ஏத்தத்துல மண் சரிஞ்சு கெடக்குதாம். பெரிய வண்டி வராதுங்கறாங்க. உங்க வண்டிதான் வரும்."

அவருடைய வண்டிதான் போகும். அதன் குடல் தரையில் கிடந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?"

"நீங்க பிடரியில நின்னு மூச்சு விட்டுட்டே இருந்தா ராத்திரி ஆயிடும் மாமா."

"மூணு தடவை இறக்கி ஏத்திட்ட. ஒவ்வொரு தடவையும் 'இந்தத் தடவை பாருங்க மாமா'ன்ன. எதைப் பாக்கறது? லிவர் எகிறி முழங்கால்ல அடிக்கறதையா?"

"பிறவிக் கோளாறு மாமா இது. வேணாம் வேணாம்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"எப்போ? உங்க அக்காவைக் கட்டிக்கும்போதா?"

மைத்துனன் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அடுத்த ஒரு மணி நேரமும் அவர் வாய் ஓயவில்லை. கியர்பாக்ஸைத் திட்டினார். அதைச் செய்தவர்களைத் திட்டினார். மைத்துனன் ஒரு போல்ட்டைத் தவறவிட்டபோது, "வெண்ணெயில கை செஞ்சானா உனக்கு?" என்றார். இடையில் மனைவி போன் செய்தாள். "தம்பியைத் திட்டாதீங்க. காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல அவன்." அதற்கும் எரிந்து விழுந்தார்.

மூன்று முப்பத்தைந்துக்கு வண்டி தயார். பின்னால் நான்கு பெரிய சிலிண்டர்கள் ஏற்றிக் கட்டியாயிற்று. கிளம்பும்போது மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. 'போய்ட்டு வரேன்' என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு சொல் பெரிய காரியமில்லைதான். ஆனால் அதை மென்று விழுங்கிவிட்டுப் போனால் அது நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். ஏற்றம் முழுக்க அது அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

மண் சரிந்த இடத்தை நான்கு சக்கரமும் பிறாண்டிப் பிறாண்டிக் கடந்தார். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர். லிவர் கொஞ்சம் தளர்வாக இருந்தது போலப் பட்டது. 'புதுசாப் பூட்டினது, அப்படித்தான் இருக்கும்' என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்து பன்னிரண்டு. உச்சி.

மழை இல்லை. ஆனால் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. இருட்ட இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் எதிரே இருபதடிக்கு மேல் தெரியவில்லை. வண்டியை நிறுத்தினார். இரண்டாவது கியரைப் போட்டு, ரப்பர் வாரை இழுத்துக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் சோதித்தார். போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை.

ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். இருபத்தோரு வளைவு.

ஐந்து பத்தொன்பது. மூன்றாவது வளைவு. பனியில் மறைந்திருந்த ஒரு குழியில் முன் சக்கரம் இறங்கி ஏறியது. வண்டி முழுக்கக் குலுங்கியது.

'டக்.'

எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. கியர் போய்விட்டது.

"சனியனே!" என்று கத்திக்கொண்டே லிவரைப் பார்த்தார். ரப்பர் வார் அறுந்திருக்கவில்லை. லிவர் இரண்டாவது கியரின் இடத்திலேயேதான் இருந்தது. கட்டினது கட்டினபடி.

ஆனால் கியர் இல்லை.

வண்டி வேகம் பிடித்தது. பிரேக்கை மிதித்தார். நான்காவது வளைவு. ஐந்தாவது. பின்னால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று முட்டிக் கணகணத்தன. பிரேக் கருகும் வாடை வந்தது. ஆறாவது வளைவில் பிரேக் மிதி பஞ்சு போல் உள்ளே போனது. ரப்பர் வாரைப் பிய்த்தெறிந்தார். கிளட்சை மிதித்து லிவரை முன்னே தள்ளினார். பின்னே இழுத்தார். எங்கேயும் அது எதையும் பிடிக்கவில்லை. வெறும் சட்டியில் கரண்டியைச் சுழற்றுவது போல் இருந்தது. ஹேண்ட் பிரேக்கைச் சும்மா இழுத்துப் பார்த்தார். அது என்றைக்கு வேலை செய்தது, அன்றைக்குச் செய்ய?

அந்த நேரத்தில் அவருக்குத் தன் உயிரைப் பற்றிய நினைப்பு வரவில்லையாம். பின்னால் இருக்கிற காற்றைப் பற்றித்தான். ஒரு பெண்பிள்ளை வாசலில் நின்று இந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கடவுளே... நான் வாய்த்துடுக்கு பிடிச்சவன். அந்தம்மா என்ன பாவம் செஞ்சாங்க?"

ஐந்து இருபத்தொன்று.

'களக்.'

காலுக்குக் கீழே. தரைத் தகட்டுக்கு அடியில்.

எஞ்சின் உறுமியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டி தயங்கி, நடைவேகத்துக்கு வந்தது. இரண்டாவது கியர். சந்தேகமே இல்லை. ஆறு வருடமாகக் கேட்ட சத்தம்.

ஆனால் லிவர் அவர் கையில்தான் இருந்தது. அது நகரவே இல்லை.

மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. "அதை முன்னாடியே செஞ்சிருந்தா என்னவாம்?" என்று கியர்பாக்ஸைப் பார்த்துக் கேட்டார். லிவரிலிருந்து கையை எடுத்தார். அது உடைந்த கை போல் இப்படியும் அப்படியும் ஆடியது. நியூட்ரலில் நின்றது. முதல் கியர் பக்கம் சாய்ந்தது. கியரோ விடவில்லை. வளைவுக்கு வளைவு அதே நிதானம்.

பத்தாவது வளைவில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தார்.

'ம்... ம்... ம்...'

தகட்டுக்கு அடியிலிருந்து. சரிவு கூடினால் சத்தமும் கூடியது. பாரம் சுமப்பவர் முக்குவது போல.

பேரிங் போயிருக்கும் என்று நினைத்தார். தேய்ந்த பேரிங் முனகும். அது அவருக்குத் தெரியும்.

ஆனால் எந்த பேரிங்கும் இடையில் நிறுத்தி மூச்சு வாங்காது.

ஐந்து நாற்பத்தெட்டு. பதினைந்தாவது வளைவு தாண்டினால் சமதளமாக அரை கிலோமீட்டர் வரும். அங்கே மூன்றாவது கியர் போட்டால் ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கலாம். ஆறேகாலுக்கு இன்னும் இருபத்தேழு நிமிடம்தான். கிளட்சை மிதித்து லிவரை மூன்றாவதுக்குத் தள்ளினார்.

போகவில்லை.

மறுபடி தள்ளினார். லிவர் அவர் உள்ளங்கையைத் திருப்பித் தள்ளியது. முரட்டுத்தனமாக இல்லை. மெதுவாக... அடுப்பருகே போகிற குழந்தையின் கையை ஒதுக்குவது போல.

"விடு! நேரமாகுது, விடுன்னா!"

முனகல் நின்றது.

எஞ்சின் சத்தம் மட்டும்.

வண்டி ஊர்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் குத்தினார்.

அப்போது பனி கொஞ்சம் விலகியது.

எதிரே பாதை பாதிதான் இருந்தது. மீதி இல்லை. முன்பு பெய்த மழையில் கரைந்து பள்ளத்துக்குள் போயிருந்தது.

ஊர்ந்து வந்ததால் நிறுத்த முடிந்தது. ஆறியிருந்த பிரேக் பிடித்தது. விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு சாண்.

மூன்றாவது கியரில் வந்திருந்தால்...

மலைச்சுவரை ஒட்டி, ஒரு பக்கச் சக்கரங்களைச் சாக்கடைக்குள் இறக்கி, அங்குலம் அங்குலமாகத் தாண்டினார்.

தாண்டி முடித்ததும் காலடியில் மறுபடி தொடங்கியது.

'ம்... ம்...'

ஆறு பதினான்கு. தையற்காரம்மாவின் வீடு. வீடு பாதைக்குக் கீழே, சரிவில் இருந்தது. வண்டி அதன் ஜன்னலைப் பார்த்தபடி நின்றது. சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

உள்ளே பழைய சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் இருந்தது. தையல் மிஷின் பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் மட்டும் அவரைத் தேடிப் பிடித்தது. புது சிலிண்டரில் சாவியைப் போட்டுத் திருகினார். 'ஸ்ஸ்...' மாஸ்க்கை மகள் பொருத்தினாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். உதட்டின் நிறம் மெல்லத் திரும்பியது.

ஆறு பதினேழு. தையற்காரம்மா கண்ணை மூடி நிம்மதியாக மூச்சு விட்டாள். சிலிண்டர்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அண்ணே, கூட வந்தவருக்கு சோப்பும் துண்டும் குடுத்திருக்கேன். பாவம், முழங்கை வரைக்கும் கருப்பு எண்ணெய். நடுக்கம் வேற. உள்ள வாங்கன்னேன், தலையை ஆட்டிட்டாரு."

"யாரும்மா?"

"உங்ககூட வந்தவர்ணே. வண்டிக்கு அடியில இருந்து வந்தாரே..."

அவர் எழுந்து போனார்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. விளிம்பில் பச்சை நிற சோப்பு, நுரையோடு. எலுமிச்சை வாசனை. துண்டு மடித்து வைத்திருந்தது. கீழே ஓடிய தண்ணீரில் எண்ணெய் மினுமினுத்தது.

யாரும் இல்லை.

வண்டியைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. ஹேண்ட் பிரேக் செத்தது. சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. லிவர் நியூட்ரலில் கிடந்தது. நேர் கீழே அந்த அம்மாவின் ஜன்னல்.

வண்டி அசையாமல் நின்றது.

ஓடிப்போய் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார்.

ஆறு நாற்பதுக்கு அந்த வீட்டு போனிலிருந்து பட்டறைக்குப் பேசினார். முதல் மணியிலேயே மைத்துனன் எடுத்தான். அழுதுகொண்டிருந்தான்.

"மாமா! எங்க இருக்கீங்க? பதினேழு தடவை அடிச்சேன் மாமா... ஆணி என் தட்டுலயே இருக்கு."

"என்ன ஆணி?"

"ஃபோர்க் ஆணி மாமா. கியர் வளையத்தை நகர்த்துற ஃபோர்க்கைக் கம்பியோட பூட்டுற ஆணி. நீங்க திட்டத் திட்ட மறந்துட்டேன். மண்ணெண்ணெய்த் தட்டுல கெடக்குது. ரெண்டு உலுக்கல் வாங்கினா அவ்வளவுதான்... அப்புறம் லிவருக்கும் கியருக்கும் சம்பந்தமே இருக்காது. செகண்ட் விழவே விழாது மாமா. யாராலும் போட முடியாது. எப்படி இறங்கினீங்க?"

சிலிண்டர்காரர் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"சாப்பிட்டியாடா?"

ஆணி இல்லாமல் வண்டியை ஓட்டி வர முடியவில்லை. தள்ளவும் முடியவில்லை. அதே கியரில் இறுகி நின்றது. பாதையைச் செப்பனிட்ட பிறகு லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

மூன்று நாள் கழித்து. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகால். பட்டறை மேஜையில் கியர்பாக்ஸின் மேல் மூடியைத் திறந்தார்கள். மைத்துனனும் அவரும் மட்டும்.

ஃபோர்க், கம்பியின் கடைசியில் போய்ச் சாய்ந்து கிடந்தது. வளையத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வளையமோ தனியாக, இரண்டாவது கியரின் தேய்ந்த பற்களைக் கவ்வி நின்றது.

"ஒரு விரல்ல தள்ளினா வழுக்கணும் மாமா இது."

தள்ளினான். அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினான். மரச் சுத்தியால் தட்டினான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் கம்பி கொடுத்து நெம்பினார்கள். கம்பிதான் வளைந்தது.

மைத்துனன் வெறுங்கையால் வளையத்தைப் பிடித்தான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"தொட்டுப் பாருங்க மாமா."

பெட்டி முழுக்கக் குளிர்ந்த இரும்பு. வளையம் மட்டும் சூடாக இருந்தது. எஞ்சின் சூடு அல்ல. எதையோ வெகுநேரமாக விடாமல் பிடித்திருக்கிற உள்ளங்கையின் சூடு.

சிலிண்டர்காரருக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. வேலை முடிந்துவிட்டது என்று யாருமே சொல்லவில்லை.

குனிந்தார். பெட்டிக்குள் பார்த்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"அந்தம்மா பிழைச்சுட்டாங்க. கரண்ட் வந்துடுச்சு. எழுந்து உக்காந்து துணி வெட்டறாங்களாம். ரொம்ப நேரம் பிடிச்சுட்டு இருந்துட்டீங்க. நான்தான் பாக்காம ஏதேதோ பேசிட்டேன்... போதும். விட்டுடுங்க."

ஒன்று. இரண்டு. மூன்று நொடி.

'களக்.'

யாரும் தொடவில்லை. வளையம் தானாக வழுக்கி நடுவில் வந்து நின்றது.

மைத்துனன் விரலை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனான். கியர் ஆயிலின் நாற்றம் ஒரு வாரத்துக்குக் கையை விட்டுப் போகாது. அது அவனுக்குத் தெரியும். அவன் முகம் மாறியது.

"மாமா... என்னது இது, எலுமிச்சை சோப்பு வாசம் வருது?"

சோப்பு விஷயத்தை சிலிண்டர்காரர் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.